நாய்க்கும் யூ, ராணிக்கும் யூ

நான்காவது சர்வேயரைப் பற்றி அந்தோணிமேரியிடம் யாரும் மட்டமாகப் பேசிவிட முடியாது. பேசினால் அந்த ஆளை எக்ஸ்ரே தகட்டில் நெஞ்சு சில்லிட இன்னும் கொஞ்ச நேரம் சேர்த்து நிற்க வைப்பாள் என்று ரிசப்ஷனில் இருக்கும் அமுதவல்லி சொல்லித் திரிவாள். அது பொய். ஆனால் முழுப் பொய் என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

அந்தோணிமேரிக்கு வயது நாற்பத்து நான்கு. புதுச்சேரி ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியன். காலையில் ரெட்டியார்பாளையத்தில் டெம்போ ஏறி ஒன்பது மணிக்குள் வந்துவிடுவாள். சாயந்திரம் வரை ஊர்க்காரர்களின் எலும்பைப் படம் பிடிப்பாள். "மூச்ச இழுத்துப் பிடிங்க", "விடுங்க" என்ற இரண்டு கட்டளைகளை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற உத்தியோகம். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"வந்தவங்கள்ல ஒருத்தர்கூட நம்மள நிம்மதியா டிவி பாக்க விடற ஆளாத் தெரியலங்க."

கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

'சர்வேயர்' என்பது இங்கிலாந்தில் எடுக்கிற விஞ்ஞானத் தொடர். அறுபத்தாறில் ஆரம்பித்து, நடுவில் பல வருடம் படுத்துக் கிடந்து, போன வருடம்தான் எழுந்து மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. நிலம் அளக்கிற சர்வேயர் ஒருவர். அவர் கையில் ஓர் இரும்புச் சங்கிலி. ஒரு முனையை அவரும் மறுமுனையை உதவியாளரும் பிடித்து இழுத்தால் இருவரும் வேறொரு நூற்றாண்டிலோ வேறொரு கிரகத்திலோ போய் நிற்பார்கள். திரும்பி வருவதற்கும் அதே சங்கிலிதான். அதனால் போன இடத்தில் எந்தப் பூதம் துரத்தினாலும் சர்வேயர் சங்கிலியைக் கையைவிட்டு இறக்கக் கூடாது. இறக்கிக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் அங்கேயே தங்கிவிட வேண்டியதுதான்.

இத்தனை வருடம் ஒரே நடிகர் தாங்குவாரா? ஆகவே நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை சர்வேயருக்கு மேலிடத்திலிருந்து மாற்றல் உத்தரவு வரும். பழைய ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார், புது ஆள் வருவார். கதையில் இந்த இடத்தை மட்டும் அந்தோணிமேரி அமுதவல்லிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சர்வேயரை ஒரே ஊரில் விட்டுவைக்க மாட்டார்கள் என்பது அமுதவல்லிக்கே தெரியும்.

இந்தத் தொடர் ரெட்டியார்பாளையத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு பூசையின் புண்ணியத்தில். தங்கை ஜாஸ்லின் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரரைக் கட்டிக்கொண்டு பாரிஸ் பக்கம் போய்விட்டவள். எண்பத்தெட்டில் ஊருக்கு வந்தபோது ஒரு வீடியோ டெக்கும், அம்மா பார்ப்பதற்காக அங்கே டிவியில் வந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் பதிவு செய்த டேப் ஒன்றும் கொண்டுவந்தாள். பூசை முடிந்ததும் டெக்கை நிறுத்த மறந்திருக்கிறாள். சாமியார் ஆசீர்வாதம் கொடுத்துக் கையை இறக்கிய அடுத்த நிமிடம், ரப்பர் உடம்போடு ஒரு பூதம் குகையிலிருந்து எட்டிப் பார்த்தது. அம்மா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அந்தோணிமேரி அப்படியே தரையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். பிறகு தங்கையிடம், "அடுத்த தடவ பூச இல்லன்னாலும் பரவால்ல, இத மட்டும் எடுத்து அனுப்பு" என்றாள்.

ஜாஸ்லின் அனுப்பினாள், பதினோரு டேப். எல்லாம் பிரெஞ்சில் குரல் மாற்றியது. கான்வென்டில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவளுக்கு அது ஒரு தடையே இல்லை. தடை வேறு இடத்தில் இருந்தது. பிரான்சில் பதிந்த டேப்பின் கலர் முறை வேறு, நம் ஊர்ப் பெட்டியின் கலர் முறை வேறு. அங்கே கலராய் ஏறியது இங்கே கறுப்பு வெள்ளையாகத்தான் இறங்கியது. போதாததற்குப் படத்தின் அடியில் நாலு விரல் உயரத்துக்கு எப்போதும் பூச்சி பறந்துகொண்டிருந்தது. நாள் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படத்தோடு பிழைக்கிற அந்தோணிமேரிக்கு இது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

பதினெட்டு வருடம் திரும்பத் திரும்பப் பார்த்ததில் அவளுக்குத் தீர்மானமான அபிப்பிராயங்கள் முளைத்துவிட்டன. பூதம் ரப்பரில் இருப்பதுதான் சரி. பயம் பூதத்தில் இல்லை, அதைப் பார்க்கிறவர் முகத்தில் இருக்கிறது. ஐந்தாவது சர்வேயர் பல்பொடி விளம்பரத்துக்கு வந்தவர் மாதிரி எந்நேரமும் சிரிக்கிறார். புதிதாக எடுக்கிறார்களே, அதில் வாசிக்கிற வாத்தியச் சத்தத்தில் ஒரு வசனம் காதில் விழுவதில்லை. "ஓடறாங்க ஓடறாங்க, ஓடிக்கிட்டே இருக்காங்க. ஒருத்தனாவது எதையாவது அளக்கறானா?" என்று ஜாஸ்லினிடம் போனில் கேட்டாள். புதுத் தொடரை ஜாஸ்லின் சிடியில் பதிந்து அனுப்பியிருந்தாள்; இவள் இரண்டு கதை பார்த்துவிட்டுப் பீரோவில் வைத்துவிட்டாள்.

இந்த அபிப்பிராயங்களையெல்லாம் சொல்ல ஊரில் ஆள் கிடைக்காமல்தான் அமுதவல்லியின் காதைத் துளைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் இளஞ்செழியன் வந்தார்.

அரியாங்குப்பத்துக்காரர். வீட்டில் நெல்லும் மணிலாக் கொட்டையும் போடுகிற குடும்பம். பதினோரு வருடம் துபாயில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துவிட்டு, இனி போதும் என்று திரும்பி வந்தவர். கல்யாணத்துக்கு நாள் கூடிவந்தபோதெல்லாம் கம்பெனி லீவு கொடுக்கவில்லை, லீவு கொடுத்தபோது பெண் வீட்டில் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் தனி ஆள். சென்டரின் ஜெனரேட்டரையும் ஸ்டெபிலைசரையும் வெள்ளிக்கிழமைதோறும் வந்து பார்த்துப் போகிற ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்திருந்தது.

வந்த முதல் வெள்ளிக்கிழமை பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தார். டார்க் ரூமில் பிலிம் கழுவிக்கொண்டிருந்த அந்தோணிமேரிக்குக் கை நின்றுவிட்டது. தண்ணீர் சொட்டும் யாருடைய முழங்காலையோ கையில் பிடித்தபடி வெளியே வந்து நின்றாள்.

"சார், இது சர்வேயர் பாட்டாச்சே!"

"ஆமாங்க. உங்களுக்கு எப்டி மேடம் தெரியும்?"

"எனக்கா? எனக்கா கேக்கறீங்க?" என்றாள். அன்றைக்கு மூன்று பேருக்கு எக்ஸ்ரே தாமதமானது.

துபாயில் அந்தத் தொடரை இங்கிலீஷில் போடுவார்களாம். பழைய கதைகளின் டிவிடி முழுக்க வாங்கி வந்திருக்கிறாராம். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை மதியம் என்றால் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை அவளுக்கு இறைச்சி கிடையாது, அவருக்குக் கவிச்சியே கிடையாது. ஆகவே இரண்டு டப்பாவிலும் சாம்பார்தான் இருக்கும். யாருடையது நன்றாக இருக்கிறது என்பதிலும் அவர்கள் ஒத்துப்போகவில்லை.

முதல் சண்டை கோட்டில் வந்தது. நான்காவது சர்வேயரின் அந்தச் சாம்பல் நிறக் கோட்டு எவ்வளவு கம்பீரம் என்று இவள் சொல்லப்போக, அவர் சாப்பிடுகிற கையை நிறுத்தினார்.

"சாம்பலா? அது கிளிப்பச்சைங்க மேடம். காலர்ல ஆரஞ்சு பட்டி வேற."

அவள் நம்பவில்லை. அடுத்த வாரம் டிவிடி கொண்டுவந்து சென்டர் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். கிளிப்பச்சைதான். பதினெட்டு வருடம் துக்கமும் கம்பீரமுமாய் வலம் வந்த மனிதர் கல்யாண பேண்டு வாத்தியக்காரர் மாதிரி நின்றார். அமுதவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தோணிமேரி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கோட்டு சாம்பல்தான். எடுத்தவன் தப்பா எடுத்திருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னாள். இளஞ்செழியனும் சிரித்தார். அந்தச் சண்டை அதோடு முடிந்தது.

இரண்டாவது சண்டை அப்படி முடியவில்லை.

அந்தோணிமேரியின் அபிப்பிராயங்களிலேயே தலையானது உப்பு ஏரிக் கதையைப் பற்றியது. நான்காவது சர்வேயரும் உதவியாளர் ஈடித்தும் ஆளில்லாத ஒரு கிரகத்தில் உப்பு ஏரிக் கரையில் நிற்கிறார்கள். குளிர் காற்று. பிரெஞ்சில் 'வூ' என்றால் நீங்கள், 'த்யூ' என்றால் நீ. அதுவரை நாற்பது கதைகளில் ஈடித்தை 'வூ' போட்டே பேசிவந்த சர்வேயர், அங்கே ஒரே ஒரு முறை, "த்யூ" என்கிறார். உனக்குக் குளிருதே என்கிறார். அவ்வளவுதான். அந்த மக்கு ஈடித் என்ன செய்தாள்? "இல்லை, உங்கள் அன்புக்கு நன்றி" என்று அதே 'வூ'வில் பதில் சொன்னாள். அதற்கு அடுத்த கதையில் சர்வேயருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவரே கேட்டு வாங்கிக்கொண்ட மாற்றல் அது என்பது அந்தோணிமேரியின் முடிவு. பதிலுக்கு ஒரு 'த்யூ' சொல்லியிருந்தால் மனிதர் போயிருப்பாரா? ஈடித்தை அவள் பதினெட்டு வருடமாக மன்னிக்கவில்லை.

இதை அவள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. காதல் என்பது வசனம் பேசிக்கொண்டு வராது, பேச்சுவாக்கில் ஒரு சொல் மாறி வரும் என்பது வாழ்க்கையில் அவள் கைவசம் வைத்திருந்த ஒரே தத்துவம். ஒரு வெள்ளிக்கிழமை இளஞ்செழியனிடம் மனம்விட்டுச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஓர் எலக்ட்ரீஷியனின் நேர்மையோடு சொன்னார்.

"இங்கிலீஷ்ல அப்டி ஒண்ணுமே இல்லீங்களே மேடம். அவுங்களுக்கு ஏது நீ, நீங்க? நாய்க்கும் யூ, ராணிக்கும் யூ. அது பிரெஞ்சுல டப்பிங் பண்ணவன் அவனா போட்டுக்கிட்டது."

அந்தோணிமேரிக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"நீங்க எங்க பாத்தீங்க? காதால கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க, அவ்ளோதான்" என்றாள். டப்பாவை மூடிக்கொண்டு டார்க் ரூமுக்குள் போய்விட்டாள்.

சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் பிலிமைத் தொட்டியில் அலசியபடி நின்றவளுக்கு அழுகை முட்டியது. கோட்டு பச்சையாகிப் போனதைத் தாங்கிக்கொண்டாள். அந்த ஒரு சொல்லும் யாரோ பாரிஸில் அவசரத்தில் எழுதிப் போட்டது என்றால்? இத்தனை வருடம் எதை நம்பிக்கொண்டு இருந்தாள்? வீட்டுக்கு வந்து பேசிப் போனவர்களிடமெல்லாம் எந்தச் சொல்லுக்காகக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தாள்? இல்லாத ஒன்றுக்காகவா? அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

மூன்று வெள்ளிக்கிழமை அவள் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. மூன்றாவது வாரம் அமுதவல்லி மெல்லச் சேதி கொண்டுவந்தாள்.

"மேரிக்கா, அவருக்குப் பழைய கம்பெனியிலேர்ந்து கூப்பிட்டிருக்காங்களாம். ரெண்டு வருஷம். பத்தாந்தேதிக்குள்ள வரேன், வரலன்னு சொல்லிடணுமாம். யோசிக்கறேன்னு சொன்னாரு. நீங்க பேசாம இருக்கறதுல இன்னாத்த யோசிப்பாரு, போயிடுவாரு."

"போனா போவட்டும்" என்றாள் அந்தோணிமேரி. சொல்லிவிட்டு, வலது கை எக்ஸ்ரேவின் மேல் இடது என்று எழுதி ஒட்டினாள். இருபது வருட சர்வீஸில் அவள் செய்த முதல் தப்பு. டாக்டர் பார்ப்பதற்கு முன் அமுதவல்லிதான் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜாஸ்லின் போனில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டாள். "மே நோன், இல்லவே இல்ல மேரி! டப்பிங் பண்றவங்க இஷ்டத்துக்கு எல்லாம் மாத்த மாட்டாங்க. 'வூ'வ 'த்யூ'ன்னு மாத்தணும்னா அவங்களுக்கு ஏதோ கண்ணுல பட்டிருக்கணும்" என்றாள். அந்தோணிமேரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கை என்றால் அப்படித்தான் சொல்வாள்.

ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு மணிக்கு இளஞ்செழியன் டூல்ஸ் பையோடு நேராக அவள் மேசைக்கு வந்தார். கையில் டிவிடி.

"மேடம், நீங்க சொன்னது மனசுல குத்திக்கிட்டே இருந்துச்சு. காதால கேட்டேன், கண்ணால பாக்கலன்னு. அதான் நேத்து சவுண்ட சுத்தமா கொறச்சிட்டு அந்தக் கதைய மட்டும் மூணு தடவ பாத்தேன். இப்பவும் சவுண்டு இல்லாமத்தான் போடப் போறேன். வசனத்த நீங்க சொல்லுங்க. உங்க பிரெஞ்சுலயே சொல்லுங்க."

அவளுக்கு மறுக்கத்தான் தோன்றியது. ஆனால் உப்பு ஏரி கலரில் எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசையை அடக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அமுதவல்லியும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். ஏரி ரோஜா நிறத்தில் இருந்தது. அதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

சர்வேயர் உதடு அசைந்தது. அந்தோணிமேரி தாழ்ந்த குரலில் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு வசனம் தவறவில்லை, ஒரு மூச்சு முன்னே பின்னே போகவில்லை. அமுதவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அந்த இடம் வந்தது. அந்தோணிமேரி, "த்யூ..." என்றாள். இளஞ்செழியன் படத்தை நிறுத்தினார்.

"கீழ பாருங்க. மூஞ்சியப் பாக்காதீங்க, கீழ பாருங்க."

படத்தின் அடியில், டேப்பில் பதினெட்டு வருடமும் பூச்சி பறந்துகொண்டிருந்த அந்த நாலு விரல் இடத்தில், சர்வேயரின் கை இருந்தது. கை காலியாக இருந்தது. சங்கிலி உப்பின் மேல் கிடந்தது.

"கீழ எறக்கி வச்சிட்டாருங்க" என்றார் இளஞ்செழியன். "எறக்கி அப்டியே விட்டுட்டா திரும்பிப் போவ முடியாதுல்ல? தெரிஞ்சேதான் எறக்கியிருக்காரு. இந்தப் பொண்ணோட இங்கியே இருந்துடலாம்னு. அந்தம்மா நன்றின்னு சொன்னப்புறம் குனிஞ்சு எடுத்துக்கறாரு, பாருங்க. நான் எத்தினி தடவ பாத்திருப்பேன், கண்ணுல படவே இல்ல. டப்பிங் பண்ணவன் பாத்திருக்கான். இத இங்கிலீஷ்ல சொல்ல வார்த்த இல்ல. அவன்கிட்ட இருந்துச்சு, போட்டுட்டான்."

அந்தோணிமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைப்பதை மறைக்கவும் இல்லை. பொய்யில்லை. அவ்வளவும் பொய்யில்லை. அவளுக்குக் கேட்டது, அவருக்குத் தெரிந்தது, இரண்டையும் சேர்த்தால்தான் முழுக் கதை. சந்தோஷத்தில் அவருடைய சாம்பாரை எடுத்துச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றுகூட ஒப்புக்கொண்டாள்.

மதியத்துக்குப் பிறகு முதல் ஆளாக வீராம்பட்டினத்திலிருந்து அம்மாவாசை என்ற மீன்காரப் பெரியவர் நெஞ்சுப் படம் எடுக்க வந்தார். கரண்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்ததால் ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்துச் சொல்ல இளஞ்செழியனும் ஈயத் தடுப்புக்குப் பின்னால் அவள் பக்கத்தில் வந்து நின்றார். டூல்ஸ் பை தோளில் தொங்கியது. நாளைக்குப் பத்தாம் தேதி என்பது இருவருக்கும் ஞாபகம் இருந்தது. அதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

அந்தோணிமேரி பெரியவரைத் தகட்டோடு ஒட்டி நிறுத்தி, தோளைச் சரிசெய்துவிட்டு, தடுப்புக்குப் பின்னால் வந்தாள். "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்றாள். முள் நிலைத்து நின்றது. அவள் பொத்தானை அழுத்தினாள். படம் விழுந்தது.

இளஞ்செழியன் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"நீ சொன்னதுதான் சரி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. காது மடல் சிவந்துபோயிற்று. தோளில் இருந்த டூல்ஸ் பையை எப்போது கீழே இறக்கினார் என்று தெரியவில்லை. அது அவர் காலடியில் இருந்தது.

அந்தோணிமேரி பையைப் பார்த்தாள். உப்பு ஏரிக் கரையில் இப்போது தான் நிற்பது அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருடம் ஈடித்தை ஏசியது பெரிதில்லை, அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது, நாக்கு எப்படி 'நீங்க' பக்கமே ஓடுகிறது என்று. ஒரு பொம்பளை வெளி ஆம்பளையைப் பார்த்து ஒருமையில் பேசினால் ஊர் என்ன சொல்லும்? கட்டின புருஷனையே அவள் தெருவில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். வாய் தவறி..." என்று அவர் குனிந்து பையை எடுக்கப் போனார்.

"பைய எடுக்காத" என்றாள் அந்தோணிமேரி. குரல் கணீரென்று வந்தது. "நீ துபாய்க்குப் போவாத."

இளஞ்செழியன் நிமிர்ந்து பார்த்தான். இருவரும் அப்படியே நின்றார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அமுதவல்லியின் கையிலிருந்து எதுவோ கீழே விழுந்து உருண்டது.

தகட்டோடு ஒட்டி நின்றிருந்த அம்மாவாசைதான் கடைசியில் திணறிக்கொண்டு குரல் கொடுத்தார்.

"எம்மா... நான் மூச்ச விடலாமா?"

"விடுங்க, விடுங்க" என்றாள் அந்தோணிமேரி. மூன்று பேரும் விட்டார்கள்.